'ராக்' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்: கசாக் மொழியில் ஒப்பிட்டுப் பேசப் பழகியது

கசாக் மொழியில் இரண்டு பொருள்களை ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றைவிடப் பெரியது என்று சொல்வதற்குப் 'பெரிய' என்ற சொல்லை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இது வியப்பான செய்தி அல்ல. 'அண்ணனைவிடத் தம்பி உயரம்' என்று சொல்லும்போது நாமும் 'உயரம்' என்ற சொல்லோடு எந்த விகுதியையும் ஒட்டுவதில்லை. ஆயினும் கசகஸ்தானின் அல்மாட்டி நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போன எங்களுக்கு, வெளிநாட்டு மாணவர்களுக்கான கசாக் வகுப்பில் ஒப்பீட்டுப் பாடம் 'ராக், ரெக்' என்ற விகுதிகளிலிருந்துதான் தொடங்கியது. ஆங்கிலத்தில் ஒப்பீடு என்றால் பெயரடை உருமாற வேண்டும், அல்லது அதற்கு முன்னால் ஒரு சொல் வந்து நிற்க வேண்டும்; அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கசாக்கைப் பார்ப்பவர்களுக்கு, ஒட்டுவதற்கு ஒரு விகுதி கிடைத்ததும் நிம்மதியாகிவிடுகிறது. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்து நேராகப் போனால் பாதை மிகக் குறுகியது என்பது, பின்னாளில் மருத்துவமனை வார்டுகளிலும் கடைகளிலும் நண்பர்களின் வீடுகளிலும் அந்த மொழியில் பேசிப் பழகிய பிறகு எனக்கு ஏற்பட்ட கருத்து. ஓரிரு இடங்களில் தமிழும் காலை வாரிவிடும், அவற்றையும் சொல்கிறேன்.

எழுத்தைப் பற்றி முதலில் சிறிது சொல்லியாக வேண்டும். கசாக் இப்போது 42 எழுத்துகள் கொண்ட சிரிலிக் நெடுங்கணக்கில் எழுதப்படுகிறது. அதன் ஒலிகளில் பலவற்றுக்குத் தமிழில் எழுத்து இல்லை. 'பட்டு', 'காசு' ஆகிய சொற்களின் முடிவில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரம் போன்ற ஓர் ஒலி, கசாக்கில் சொல்லின் எந்த இடத்திலும் வரும். அதை இங்கே உகரமாகவே எழுதியிருக்கிறேன். பெரிய என்று பொருள்படும் 'உல்கென்' என்ற சொல்லின் முதல் ஒலி, இதழைக் குவித்துக்கொண்டு இகரம் சொன்னால் வருவது. மற்றவற்றைக் காதால் கேட்டுத்தான் திருத்திக்கொள்ள முடியும்.

முதலில் நாக்கில் படிய வேண்டியது வேற்றுமை உருபு. 'அல்மாட்டிதன் கெல்திம்' என்றால் 'அல்மாட்டியிலிருந்து வந்தேன்' என்று பொருள். அதே 'தன்' உருபை வைத்து 'அஸ்தானா அல்மாட்டிதன் ஸுவுக்' என்றால் 'அல்மாட்டியைவிட அஸ்தானா குளிர்' என்றாகிறது. ஓரிடத்தை விட்டு நீங்குவதைக் காட்டும் உருபே, ஒன்றைவிட இன்னொன்று மிகுந்திருப்பதையும் காட்டுகிறது. 'விட' என்பதற்கு நிகராக ஒரு தனிச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் அது கிடைக்காது. பள்ளியில் படித்த இலக்கணம் கொஞ்சம் நினைவிருந்தால் இது நமக்குப் பழைய செய்திதான்: ஐந்தாம் வேற்றுமையின் 'இன்' உருபு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது ஆகிய பொருள்களில் வரும் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். 'ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்' என்று வள்ளுவர் சொல்லுமிடத்தில் 'பொழுதின்' என்பதற்குப் 'பொழுதைவிட' என்றுதான் பொருள். 'பெரிது' என்ற சொல் எந்த மாற்றமும் இல்லாமல் நிற்கிறது. இன்றைய பேச்சுத் தமிழில் வழக்கொழிந்த அந்த அமைப்பு, கசாக்கில் நாள்தோறும் சந்தையில் புழங்குகிறது.

இந்த உருபுக்கு ஆறு வடிவங்கள் உண்டு என்று கேட்டு மலைக்க வேண்டாம். முன்னால் நிற்கும் சொல்லில் நாக்கு பின்னே ஒதுங்கும் உயிர்கள் இருந்தால் 'தன்'. நாக்கு முன்னே வரும் உயிர்கள் இருந்தால் 'தென்'. சொல்லின் கடைசி ஒலி வல்லோசையாக இருந்தால் உருபின் தகரமும் அழுத்தமாக ஒலிக்கும். உயிரோ மென்மையான மெய்யோ இருந்தால் தகரம் மெலியும். மூக்கொலி இருந்தால் தகரம் நகரமாகிவிடும். ஷிம்கென்ட் நகரத்தைவிடத் தராஸ் சிறியது என்பதைத் 'தராஸ் ஷிம்கென்த்தென் கிஷி' என்றும், ஸைசான் ஏரியைவிடப் பல்காஷ் பெரியது என்பதைப் 'பல்காஷ் ஸைசான்னன் உல்கென்' என்றும் சொல்ல வேண்டும். தமிழ்ப் புணர்ச்சியோடு வளர்ந்த வாய்க்கு இதில் பெரிய சிரமம் இராது. விதியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பதைவிட, அன்றாடம் வேண்டியிருக்கும் மாற்றுப்பெயர்களை உருபோடு சேர்த்து ஒரே சொல்லாகப் பழகிவிடுவது நல்லது. 'மெனென்' என்றால் என்னைவிட, 'ஸெனென்' என்றால் உன்னைவிட, 'ஸிஸ்தென்' என்றால் உங்களைவிட, 'ஓதன்' என்றால் அதைவிட அல்லது அவரைவிட. இவை வாயில் நின்றுவிட்டால் பாதிப் பேச்சு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 'ஓதன் தா' என்று ஓர் ஒலியைக் கூட்டினால் 'அதைவிடவும்' என்றாகும்; அந்தத் 'தா' செய்யும் வேலையை நம் 'உம்' செய்கிறது.

பெயர்ச்சொல்லோடு மட்டுமல்லாமல் வினையிலிருந்து பிறந்த சொற்களோடும் இந்த உருபு ஒட்டும். 'முங் எஸ்திகென்னென் பிர் கொர்கென் அர்துக்' என்பது கசாக்கில் எல்லாரும் அறிந்த பழமொழி: ஆயிரம் முறை கேட்பதைவிட ஒரு முறை பார்ப்பது மேல். இதிலுள்ள 'அர்துக்' என்ற சொல்லைத் தனியே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். மிகுதி என்ற பொருளிலிருந்து வந்து, 'அதற்கு இது மேல்' என்று நாம் சொல்லுமிடங்களில் அப்படியே பொருந்தக்கூடியது.

கேள்விகளிலும் தமிழ் கைகொடுக்கிறது. இரண்டு மருந்துகளைக் காட்டி 'எது நல்லது?' என்று நாம் கேட்கிறோம்; 'எது அதிக நல்லது?' என்று கேட்பதில்லை. கசாக்கிலும் 'கைஸுஸு ஜக்ஸு?' என்றால் போதும். 'எது மலிவு?' என்பது 'கைஸுஸு அர்ஸான்?' என்றாகும். வகுப்பில் என்னுடன் இருந்த, ஆங்கிலத்தில் யோசித்துப் பழகிய சிலர் இங்கெல்லாம் விடாமல் 'ராக்' சேர்த்துப் பேசினார்கள். அது பிழையில்லை, கேட்பவருக்குப் புரியும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் தேவையில்லாத ஒரு நிதானம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அளவு சொல்லி ஒப்பிடும்போதும் இப்படித்தான். 'ஓல் மெனென் எகி ஜஸ் உல்கென்' என்றால் 'அவர் என்னைவிட இரண்டு வயது பெரியவர்' என்று பொருள். சொல்லுக்குச் சொல் நம் வாக்கியமே அது. 'எகி எஸெ கும்பத்' என்றால் இரண்டு மடங்கு விலை. 'உல்கென்' என்பது உருவத்தில் பெரியதையும் வயதில் மூத்ததையும் ஒருங்கே குறிக்கும். 'கிஷி' என்பது சிறியதையும் இளையதையும் குறிக்கும். நாம் 'பெரியவர்கள்' என்று சொல்லும் அதே மரியாதையோடு அவர்கள் 'உல்கெந்தெர்' என்பார்கள். எதிரில் இருப்பவர் தம்மைவிட மூத்தவரா, இளையவரா என்பது அங்கே வெறும் தகவல் அன்று. 'ஸிஸ்' என்று மரியாதையாகப் பேசுவதா, 'ஸென்' என்று உரிமையோடு பேசுவதா என்பதை அதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதனால் அறிமுகமான சிறிது நேரத்தில் வயதைக் கேட்டுவிடுவார்கள். இதைக் கேட்டு ஐரோப்பிய மாணவர்கள் முகம் சுளிப்பதுண்டு. நமக்கு அதில் ஒன்றும் தோன்றாது. குடும்பத்தை அறிமுகப்படுத்தும்போதும் ஒப்பீட்டு விகுதி வராது. மூன்று பிள்ளைகளில் மூத்தவனை 'உல்கெனி' என்று சொன்னாலே போதும். தலைச்சன் பிள்ளைக்குத் 'துங்குஷ்' என்றும் கடைக்குட்டிக்குக் 'கென்ஜெ' என்றும் தனிச்சொற்களே இருக்கின்றன. கசாக் மரபில் பெற்றோரின் வீடு அந்தக் கடைக்குட்டி மகனுக்குத்தான் போய்ச் சேரும்.

அப்படியானால் 'ராக்' எதற்கு? பள்ளி இலக்கணம் அதற்குச் சொல்லும் விளக்கமே தெளிவானது: ஒரு பண்பு மற்றொன்றில் இருப்பதைக் காட்டிலும் சற்றுக் கூடவோ சற்றுக் குறையவோ இருப்பதைக் காட்டுவது. அந்தச் 'சற்று' என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஒப்பிடப்படும் பொருளைச் சொல்லாமல் விட்டு, 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கும் இடங்களில் இந்த விகுதி இல்லாமல் நடக்காது. 'தெஸிரெக்' என்றால் இன்னும் சீக்கிரம். பேருந்தில் ஏறுபவரை நடத்துநர் விரட்டுவதும், தாய் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவதும் இந்தச் சொல்லால்தான். 'எர்தெரெக்' என்றால் கொஞ்சம் முன்னதாக. 'அக்குருனுராக் ஸொய்லெஙிஸ்ஷி' என்றால் 'இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்களேன்'. புதிதாகப் போகிறவர் விமானத்திலேயே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய வாக்கியம் இது. விருந்துக்குப் போனால் 'இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்' என்பதற்குக் 'கொபிரெக் ஜெஙிஸ்' என்று வற்புறுத்துவார்கள். தேநீர் ஊற்றுபவரிடம் 'அஸுராக்' என்று சொன்னால் குறைத்து ஊற்றுவார். ஆக, இந்த விகுதியை ஒப்பீட்டுப் பாடத்தில் படிப்பதைவிட வேண்டுகோள் பாடத்தில் படித்திருந்தால் அது இன்னும் விரைவில் மனத்தில் பதிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விகுதியை ஒட்டும் முறை எளியது. உயிரில் முடியும் சொல்லோடு நேராக ஒட்டும்: 'ஜக்ஸு' என்பது 'ஜக்ஸுராக்', 'கிஷி' என்பது 'கிஷிரெக்'. மெய்யில் முடிந்தால் இடையில் ஓர் உயிர் வரும்: 'உல்கென்' என்பது 'உல்கெனிரெக்', 'அர்ஸான்' என்பது 'அர்ஸானுராக்'. ககரத்திலும் பகரத்திலும் முடியும் சொற்களில் அந்த மெய் மெலிந்துவிடும் என்பதைப் பாடநூல் ஒரு தனி விதியாகக் கட்டம் கட்டிச் சொல்லும். உயரமான என்ற பொருளுள்ள 'பியிக்', 'பியிகிரெக்' ஆகும். 'கொப்' என்பது 'கொபிரெக்' ஆகும். தமிழர்களுக்கு இந்தக் கட்டம் தேவையே இல்லை. 'பகல்' என்பதில் வரும் ககரத்தையும் 'பக்கம்' என்பதில் வரும் ககரத்தையும் நாம் யாரும் சொல்லித்தராமலே வேறுபடுத்தி ஒலிக்கிறோம். இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒற்றையாக நிற்கும் வல்லினம் மெலிவது நம் வாய்க்குப் பிறவிப் பழக்கம். கசாக் எழுத்தில் அது வேறு எழுத்தாக மாறுகிறது, நம் எழுத்தில் மாறுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

இதற்கு அருகில் இன்னொரு விகுதி இருக்கிறது. இடத்துக்கு ஏற்ப 'லவ், லெவ்' என்றும் 'தவ், தெவ்' என்றும் வரும் அதை எங்கள் பாடநூல் 'ராக்' விகுதியின் மாற்று வடிவம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பேச்சில் இரண்டும் ஒன்றல்ல. குளிர்காலம் தொடங்கும் முன் மேலங்கி வாங்கப் போன கடையில் இதைத் தெளிவாகக் கேட்டேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள் தம் மகனுக்கு ஓர் அங்கியைப் போட்டுப் பார்த்து, கை நீளத்தை இழுத்து மணிக்கட்டைக் காட்டி, கடைக்காரப் பெண்ணிடம் 'புல் குஸ்கலவ், உஸுனுராகு பார் மா?' என்று கேட்டார். 'இது கொஞ்சம் குட்டையாக இருக்கிறது, இதைவிட நீளமானது இருக்கிறதா?' என்பது பொருள். குட்டை என்று சொல்லுமிடத்தில் 'லவ்'. நீளமானதைக் கேட்குமிடத்தில் 'ராக்'. முதலாவது, இருக்க வேண்டிய அளவை எட்டாத ஒரு குறையை நயமாகச் சொல்வது; இங்கே வேறு எதனோடும் ஒப்பிடவில்லை. இரண்டாவது, கையில் இருப்பதை வைத்துக்கொண்டு அதற்கு அடுத்த படியைக் கேட்பது. அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு, குட்டை, நீளம் என்ற சொற்களுக்குப் பதிலாகச் சிறிது, பெரிது, இறுக்கம், தளர்வு என்று மாற்றிப் போட்டுக்கொண்டால் உடுப்புக் கடையில் பிறகு எந்தத் தடையும் இல்லை. 'உஸுனுராகு' என்பதில் கடைசியில் சேர்ந்திருக்கும் உகரம், 'நீளமானது' என்று பொருளையே குறிக்கச் செய்கிறது. 'அர்ஸானுராகு பார் மா?' என்றால் 'இதைவிட மலிவானது இருக்கிறதா?' என்று பொருள். அல்மாட்டியின் கொக் பஸாரில் உலர்பழம் விற்பவர்களிடம் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு சிரிப்பும் வேறொரு பெட்டியும் கிடைக்கும்.

மருத்துவமனையில் இந்த வேறுபாடு இன்னும் கனமானது. நுரையீரல் அழற்சியோடு சேர்க்கப்பட்டிருந்த மூதாட்டி ஒருவரைக் காலைச் சுற்றில் பார்க்கப் போனோம். அங்கே வயதான பெண்களை 'அப்பா' என்று கூப்பிடுவது முறை. தமிழ் மாணவர்களுக்கு அந்தச் சொல் வாயில் வருவதற்குச் சில காலம் பிடிக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர், 'கெஷெகிதென் தாவிர்லெவ்மின்' என்றார். 'கெஷெகிதென்' என்றால் நேற்றைய நிலையைவிட. 'தாவிர்' என்பது நம் 'தேவலை'க்கு நேரான சொல். உடனிருந்த மாணவர் குறிப்பேட்டில் 'நன்றாகத் தேறிவிட்டார்' என்ற பொருளில் எழுதப் போனார். பேராசிரியர் அவரைத் தடுத்து, 'லெவ்' என்று முடித்ததைக் கவனித்தாயா என்று கேட்டார். 'நேற்றைக்கு இன்று தேவலை' என்பதற்கும் 'ஏதோ தேவலை' என்பதற்கும் நம்மிடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் 'தாவிர்மின்' என்பதற்கும் 'தாவிர்லெவ்மின்' என்பதற்கும் இருக்கிறது. முதியவர்கள் மருத்துவரை மனம் நோகச் செய்யக் கூடாது என்பதற்காகவும் அந்த விகுதிக்குள் ஒளிந்துகொள்வார்கள் என்று பேராசிரியர் சொன்னார். அதன் பிறகு நோயாளி சொல்லும் வினைமுடிவைவிட, பண்புச்சொல்லின் கடைசி அசையைத்தான் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒப்பிட்டுச் சொல்ல இன்னொரு வழியும் உண்டு. கொஞ்சம் விரிவாகப் பேசும்போதும் எழுதும்போதும் இதைப் பயன்படுத்துவார்கள். 'அல்மாட்டிகா கராகந்தா அஸ்தானா ஜெல்தி' என்றால் 'அல்மாட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அஸ்தானாவில் காற்று அதிகம்'. 'கராகந்தா' என்பது 'பார்க்கும்போது' என்ற வினையெச்சம். அதற்கு முன் நான்காம் வேற்றுமை வரும். 'அவனைப் பார்க்க இவன் எவ்வளவோ மேல்' என்றும் 'பார்க்கிலும்' என்றும் நாம் சொல்லும் வழக்குதான் இது. தலைநகரம் 1997இல் அல்மாட்டியிலிருந்து வடக்கே அஸ்தானாவுக்கு மாற்றப்பட்டது முதல் இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதால், இந்த அமைப்பைப் பழகுவதற்கு உரையாடல்களுக்குப் பஞ்சமே இல்லை. குளிர், காற்று, வாடகை, மலை, ஆப்பிள் என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் 'கராகந்தா' வந்துவிடும்.

இனி உச்சநிலைக்கு வருவோம். 'எங்' என்ற ஒரு சொல்லைப் பண்புச்சொல்லுக்கு முன்னால் வைத்தால் வேலை முடிந்தது. 7,010 மீட்டர் உயரமுள்ள கான் தெங்ரியைப் பற்றிக் 'கஸக்ஸ்தான்தாகு எங் பியிக் ஷுங்' என்பார்கள்: கசகஸ்தானிலுள்ள மிக உயர்ந்த சிகரம். காஸ்பியன் உலகின் 'எங் உல்கென்' ஏரி. மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று என்பதற்கு 'எங் உல்கென் கலாலர்துங் பிரி' என்று சொல்வார்கள். தமிழில் வருவதுபோல் 'ஒன்று' கடைசியில் வந்துவிடும். 'எங்' வந்த இடத்தில் 'ராக்' சேராது. 'எங்' இல்லாமலும் உச்சத்தைச் சொல்லலாம்: 'பாரினென் ஜக்ஸு' என்றால் 'எல்லாவற்றையும்விட நல்லது', பழைய ஐந்தாம் வேற்றுமையே இங்கும் வேலை செய்கிறது. இலக்கணத்தில் இந்தப் படிநிலைகளை 'ஷுராய்' என்பார்கள். சில நூல்கள் மூன்றாகவும் சில நான்காகவும் பிரிக்கும். பேசப் பழகுகிறவர் அந்தப் பிரிவினையில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழ் காலை வாரிவிடும் இடம் இதுதான். 'மிக உயரமான கட்டடம்' என்று நாம் சொன்னால் அது நிரம்ப உயரமானதா, எல்லாவற்றிலும் உயரமானதா என்பது இடத்தைப் பொறுத்தே விளங்கும். பேச்சில் 'ரொம்ப' என்ற ஒரே சொல், மிகுதிக்கும் வரும், அளவு மீறியதற்கும் வரும். 'ரொம்பச் சூடு' என்பது செய்தியா, குறையா என்பது குரலில் இருக்கிறது. கசாக்கில் இந்த மூன்றுக்கும் மூன்று சொற்கள். 'ஒதெ' என்றால் நிரம்ப, 'எங்' என்றால் எல்லாவற்றிலும், 'தும்' என்றால் அளவுக்கு மீறி. 'ஷாய் ஒதெ உஸ்துக்' என்று சொன்னால் தேநீர் நல்ல சூடு என்று கேட்டுக்கொள்வார்கள். 'ஷாய் தும் உஸ்துக்' என்று சொன்னால் குடிக்க முடியவில்லை என்று புரிந்துகொண்டு கோப்பையைத் திரும்ப வாங்குவார்கள். விருந்தளித்தவரின் சமையலைப் புகழ 'ஒதெ தாம்தி' என்றால் போதும். அதுவே நிரம்பச் சுவையாக இருக்கிறது என்பது. அங்கே 'எங்' போட்டால், இதுவரை உண்ட எல்லாவற்றிலும் என்று பொருளாகி, பக்கத்தில் இருக்கும் வேறொரு வீட்டம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். 'தும்' என்ற சொல்லுக்கு உரிய இடம் சந்தை. 'தும் கும்பத்' என்று தலையை ஆட்டிக்கொண்டே ஓர் அடி பின்னால் நகர்ந்தால் பேரம் தொடங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சொல்லை இரட்டித்து அழுத்தம் கொடுப்பது. பண்புச்சொல்லின் முதல் அசையை எடுத்து, அதற்கு ஒரு பகர ஒற்றுக் கொடுத்து, முழுச்சொல்லுக்கு முன்னால் வைப்பார்கள். கறுப்பு 'கரா' என்றால் 'கப்-கரா' என்பது கன்னங்கரேல். சிவப்பு 'குஸுல்' என்றால் 'குப்-குஸுல்' என்பது செக்கச்செவேல். பச்சை 'ஜஸுல்' என்றால் 'ஜப்-ஜஸுல்' என்பது பச்சைப்பசேல். புதியது 'ஜஙா' என்றால் 'ஜப்-ஜஙா' என்பது புத்தம்புதிது. சிறியதற்குரிய 'கிஷ்கெந்தாய்' என்ற சொல் 'கிப்-கிஷ்கெந்தாய்' ஆனால் சின்னஞ்சிறியது. வெள்ளைக்குரிய 'அக்' மட்டும் 'அப்பாக்' என்று ஒரே சொல்லாக இறுகிவிட்டது. நீலத்துக்குரிய 'கொக்' முற்றிலும் வேறு தடத்தில் போய்க் 'கொக்பெங்பெக்' ஆகிறது. ஆங்கிலத்தில் இவற்றை மொழிபெயர்க்க ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமையைத் தேடித் திண்டாடுவார்கள். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தயாராக ஒரு சொல் இருக்கிறது. அதனால் இவற்றை இலக்கணமாகப் படிக்காமல், இடப்பக்கம் கசாக், வலப்பக்கம் தமிழ் என்று இணைகளாக எழுதிவைத்துக்கொள்வதே சிறந்த வழி. விதிகளும் ஒத்துப்போகின்றன. 'அதைவிடச் செக்கச்செவேல்' என்றோ 'எல்லாவற்றிலும் புத்தம்புதிது' என்றோ நாம் சொல்வதில்லை; அவர்களும் இந்த இரட்டைச் சொற்களோடு 'ராக்' சேர்ப்பதில்லை, 'எங்' வைப்பதுமில்லை. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது: முழுச்சொல்லையே திருப்பிச் சொன்னால் அழுத்தம் வராது, பன்மைதான் வரும். 'உல்கென்-உல்கென் உய்லெர்' என்பது 'பெரிய பெரிய வீடுகள்'.

நிறங்களில் இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு படி உண்டு. 'அக்ஷுல்' என்றால் வெளிறிய வெண்மை, 'குஸ்குல்த்' என்றால் இலேசான சிவப்பு, 'ஸர்குஷ்' என்றால் மஞ்சள் தட்டியது. எந்த நிறத்துக்கு எந்த விகுதி என்பதற்குப் பொதுவிதி எதையும் நம்பிப் பயனில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பழக வேண்டும். மருத்துவ மாணவருக்கு இது வீண் உழைப்பாகாது. மஞ்சட்காமாலை ஐயம் உள்ள ஒருவரின் கண்வெள்ளையைப் பற்றிக் 'கொஸினிங் அகு ஸர்குஷ்' என்று செவிலியர் சொல்வதற்கும் 'ஸப்-ஸரு' என்று சொல்வதற்கும் இடையே நோயின் இரண்டு நிலைகள் இருக்கின்றன. 'ஸரு' என்ற வெறும் மஞ்சள் அவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தொண்டையைப் பார்த்துக் 'குப்-குஸுல்' என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பும் சீட்டு உடனே எழுதப்படும்.

குறைவைச் சொல்வதற்குத் தனி அமைப்பைத் தேடவேண்டாம். 'குறைந்த விலையுள்ள' என்று சுற்றி வளைக்காமல் எதிர்ச்சொல்லைப் போட்டு 'அர்ஸான்' என்றுவிடுவார்கள். அல்லது 'ஒன்ஷா கும்பத் எமெஸ்' என்பார்கள், அதாவது 'அவ்வளவு விலை இல்லை'. 'ஒன்ஷா' என்பது 'அவ்வளவு', 'எமெஸ்' என்பது 'இல்லை' அல்லது 'அன்று'. நாம் எப்படிச் சொல்வோமோ அப்படியே.

வலியைப் பற்றிக் கேட்கும்போது இவை எல்லாம் ஒன்றாக வந்து சேரும். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள் என்று கிராமத்திலிருந்து வந்த முதியவரிடம் கேட்டால் அவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். 'கெஷெ கத்துராக் அவுர்து மா, புகின் பெ?' என்று, அதாவது 'வலி நேற்று அதிகமாக இருந்ததா, இன்று அதிகமாக இருக்கிறதா?' என்று ஒப்பிட்டுக் கேட்டால் உடனே பதில் வரும். இங்கே 'ராக்' வேண்டும். ஒப்பிடப்படும் இரண்டு நாள்களும் வேற்றுமை உருபு இல்லாமல் தனித்தனியே நிற்பதால், கூடுதல் என்ற செய்தியைத் தாங்க அந்த விகுதியைத் தவிர வேறு எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. பதில் 'புகின் ஒன்ஷா எமெஸ்' என்று வந்தால் இறங்குமுகம். 'பிர்தெய்' என்று வந்தால் இரண்டு நாளும் ஒரே மாதிரி என்று பொருள். அப்போது மருந்தின் அளவைப் பற்றிப் பேராசிரியரிடம் பேச வேண்டியதுதான்.